லாயத்தெருவுக்கு ரேட்டிங் வந்த வருஷம்

சீசனின் முதல் பந்தயத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை, மேட்டில் பனியும் பள்ளத்தில் வெயிலுமாக இருந்த நேரத்தில், கிளப் வாசல் பலகையில் குதிரைகளின் புது ரேட்டிங்கை ஒட்டிவிட்டுப் போனார்கள், அதே நேரத்தில் லாயத்தெருவில் தலை துவட்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவின் பிடரியைப் பார்த்த அவன் பெண்டாட்டி அஞ்சலை, கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"என்னய்யா இது, கழுத்துல சைபர் போட்டிருக்கு?"

"யாருடி போட்டது?"

"யாரா இருந்தாலும் உன்னை நல்லாத் தெரிஞ்சவன்தான்."

அவன் அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தான். அவள் பிடரியில் அறுபது இருந்தது.

தடுப்பூசித் தழும்பு மாதிரி தோலின் நிறத்திலேயே, தொட்டால் விரலில் தட்டுப்படுகிற எண். சீயக்காய்க்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. தன் எண்ணைத் தானே பார்க்க முடியாது, அடுத்தவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், அதனால் வருஷக்கணக்காகப் பேசாமலிருந்த சம்பந்திகள்கூட அன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு தெருவாக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், சாமி கும்பிட்டிருப்பார்கள். லாயத்தெருவில் பிறந்தவர்கள் தவழும்போதே குதிரைச் சாணத்தில் கை வைத்தவர்கள், பாலோடு பந்தயத்தையும் குடித்தவர்கள், அதனால் இது எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "எனக்கு எப்படி முப்பத்தஞ்சு போடலாம், அவனுக்கு எப்படி நாப்பது போடலாம்?" என்றுதான் சாயங்காலம் வரைக்கும் சண்டை நடந்தது.

பந்தயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே போகவேண்டும். குதிரை ஜெயித்தால் அதன் ரேட்டிங் ஏறும், தோற்றால் இறங்கும். ரேட்டிங் ஏறின குதிரையின் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு வைத்து எடையை ஏற்றுவார்கள், இறங்கின குதிரைக்குத் தகட்டை எடுத்துவிடுவார்கள். நல்ல குதிரையும் நோஞ்சான் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடவேண்டும் என்பதுதான் ரேட்டிங் போடுகிறவரின் கனவு. எந்த ஊரிலும் அது பலித்ததில்லை, பலித்தால் அப்புறம் பந்தயம் எதற்கு. லாயத்தெருவில் பலித்தது.

எண் வந்த மறுநாளே எடையும் வந்தது. அஞ்சலை நடந்தால் மரப்படி முனகியது. தலைமை லாயக்காரன் மாதையனுக்கு எண்பது, அவன் பஸ்ஸில் ஏறினால் பஸ் அவன் பக்கம் சாய்ந்தது, கண்டக்டர் அவனை நடுவில் நிற்கச் சொன்னான். சைபர் சின்னக்கண்ணு வைக்கோல் மாதிரி ஆகிவிட்டான். மேட்டுக் காற்று அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூண்டின்மேல் வைத்துவிட்டது, அன்றிலிருந்து அஞ்சலை வேலைக்குப் போகும்போது அவனை வாசல் தூணில் தலைக்கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனாள், அவனும் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டு வருவோர் போவோருக்கெல்லாம் நேரம் சொன்னான்.

எடை சரியாக விழுந்ததால் தெருவில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாகவே முடித்தார்கள். எல்லா வீட்டுப் பாலும் ஒரே நொடியில் பொங்கியது. குழாயடிக்கு எல்லாக் குடங்களும் ஒன்றாக வந்து சேர்ந்ததால் முன்னால் வந்தவள் யார் என்ற சண்டைக்கு வழியில்லாமல் பெண்கள் முழித்தார்கள். பிரசவத்துக்குக் காத்திருந்த இரண்டு பேருக்கும் ஒரே முக்கலில் குழந்தைகள் விழுந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் முதல் ரேங்க், வாத்தியார் அந்தத் தாளை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேரம் போர்டில் கடைசிக் காய் இரண்டு பேருக்கும் விழுந்தது. ஒருவரை ஒருவர் முந்த முடியாது என்று தெரிந்ததும் மனிதர்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. கொஞ்ச நாள் அந்தத் தெரு நல்ல தெருவாக இருந்தது.

அந்த நல்ல நாட்களில் ஒருத்திக்கு மட்டும் மனது சரியில்லை. அவள் லூர்து. புருஷன் போனபிறகு லாயம் கழுவுகிற வேலைக்கு வந்தவள், நாற்பதைத் தாண்டியவள், பிடரியில் ஐம்பது உள்ளவள். அவள் பார்த்துக்கொண்ட குதிரை ஒரு சாம்பல்நிறப் பெட்டை. கிளப் புத்தகத்தில் அதற்கு நாக்குச் சுளுக்கும் இங்கிலீஷ் பெயர், லூர்து வைத்த பெயர் பனிக்காரி. கண் தெரியாத பனியில் ஒருமுறை கோப்பை ஜெயித்த குதிரை. இப்போது முன்னங்கால் நரம்பு தளர்ந்துவிட்டது. விடியும்போது மேட்டுப்பாதையில் நடத்திக் கூட்டிப்போனால் கால் இறுகி நிற்கும், ஒருநாள் தவறினாலும் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். சீசன் முடிந்ததும் பனிக்காரியைக் கழித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

கழித்துவிட்ட குதிரைகளைச் சமவெளிக்குக் கொண்டுபோக லாரி வரும். லாரி வருகிற நாளுக்கென்று லாயத்தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதன் பெயர் சேண ஓட்டம். அன்று காலை லாயக்காரர்கள் ஆளுக்கொரு சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தயத் திடலின் கடைசி நேர்ப்பாதையில் ஓடுவார்கள். ஜெயித்தவர் கழித்த குதிரைகளில் ஒன்றைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளலாம். பார்க்க வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த ஆளின் பின்னால் போய் நிற்கவேண்டும், அதுதான் பந்தயம். காசு கிடையாது. தோற்ற ஆளின் பின்னால் நின்றவர்கள், ஜெயித்த ஆளின் பின்னால் நின்றவர்களுக்கு மழைக்காலம் முடியும்வரை லாயம் கூட்டவேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் ஜெயித்தது மாதையன். அவன் பிடித்த குதிரைகள் ஏரிக்கரையில் டூரிஸ்டுகளைச் சுமந்தன. ஒன்றுகூட இரண்டாவது மழையைப் பார்த்ததில்லை. இந்த வருஷம் பனிக்காரிதான் என்று டீக்கடையில் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தான்.

"சாது, பிள்ளைங்க ஏறினாலும் உதைக்காது, சாம்பல் கலரு, போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்."

"அதுக்குக் கால் ஆகாது மாதையா" என்றாள் லூர்து.

"ஆகுற வரைக்கும் ஆகட்டும் லூர்தக்கா. அதுக்கப்புறம் லாரி இருக்கவே இருக்கு."

லூர்து குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "இந்த வருஷம் நானும் ஓடறேன்" என்றாள். கடையே சிரித்தது, சிரிப்பும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றது.

டீக்கடை மொய்தீன் பாயுடையது. ரேட்டிங்கைப் பார்த்து ஜெயிக்கிற குதிரையைச் சொல்வதில் அந்த மலையில் அவருக்கு நிகர் கிடையாது, பந்தய நாளில் வர்க்கி பிஸ்கட் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் வர்க்கிக்காக வரவில்லை. அவர் சூத்திரம் ஒளிவுமறைவில்லாதது. அறுபதில் ஒருமுறை ஜெயித்த குதிரை, நாலைந்து பந்தயம் தோற்று நாற்பத்தைந்துக்கு இறங்கி நிற்கும். ஜனங்கள் அது தேய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். கால் சரியாக இருந்தால் அது தேயவில்லை, எடை குறைந்து காத்திருக்கிறது. அன்றைக்கு அதைப் பிடி.

சிரிப்பு நின்றபிறகு பாய் லூர்துவிடம் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் அந்தக் கடையில் தாழ்த்தின குரலைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.

"தங்கச்சி, எண்ணு கழுத்துல இருக்கிறவரைக்கும் நாமளும் குதிரைதானே. வியாழனுக்கு வியாழன் பலகையில எண்ணு மாறுது, நம்ம கழுத்துலயும் மாறுது. கொஞ்சம் இழுத்துப் பிடி. மெதுவா வேலை செய், லேட்டா எந்திரி. ரேட்டிங் இறங்கும், எடை இறங்கும். ஓட்டத்தன்னைக்கு விட்டுப் பிடிச்சா பறந்துரலாம்."

மறுநாளே லாயத்தெரு முழுக்க இழுத்துப் பிடித்தது.

கடிவாளத்தை யாருக்கும் தெரியாமல் இழுத்துக் குதிரையைத் தோற்கவைக்கிற ஜாக்கிகளை அந்தத் தெரு தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறது, ஆனால் காறித் துப்பியவர்களுக்குத்தான் அந்த வித்தை அத்துப்படி. முடிவெட்டுகிறவர் ஒரு கிருதாவை இறக்கிவிட்டு மறு கிருதாவுக்கு நாளைக்கு வரச் சொன்னார். இட்லி மதியத்துக்கு வெந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்து முடிச்சுப் போடுவதற்குள் முகூர்த்தம் போய் ராகுகாலம் வந்து அதுவும் போயிற்று. மாதையன் தீனிவாளியைத் தூக்கிக்கொண்டு லாயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதைப் பார்க்க ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், அவ்வளவு நேர்த்தியான சோம்பல், ஒரு வாய் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைத் திரும்பி வரும்போது விட்டான். வியாழன் வர வர எண்கள் இறங்கின. எண்பது எழுபதாகி ஐம்பதாகி முப்பதாயிற்று. மாதையன் உட்கார்ந்தால் பஸ் சாயவில்லை. அஞ்சலை சிரித்துக்கொண்டே படியேறினாள், படி முனகவில்லை.

லூர்துவும் ஒருநாள் முயற்சி செய்தாள். விடிந்தபிறகும் போர்வையை விலக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பனிக்காரி லாயக்கதவை ஒருமுறை உதைத்தது. ஒரே ஒருமுறைதான், கோபமாக இல்லை, வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி. லூர்து எழுந்து தலையை முடிந்துகொண்டு போனாள். "இவளுக்கு ரேட்டிங்கும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது" என்று குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துத் திட்டிவிட்டு மேட்டுப்பாதையில் நடத்திப்போனாள், அதற்கப்புறம் ஒருநாளும் படுத்துக் கிடக்கவில்லை.

தெரு இறக்கி வைத்த எடையெல்லாம் எங்கே போகும்? ஓடுகிற குதிரையின்மேல்தான் ஏறும். லூர்துவின் எண் அறுபதாயிற்று, எண்பதாயிற்று, நூறைத் தாண்டியது. அவள் கட்டில் ஒடிந்தது, தரையில் படுத்தாள். அவள் மிதித்த கல் விரிசல் விட்டது. மேட்டுப்பாதையில் அவள் பாதம் பதிந்த குழிகளில் தண்ணீர் தேங்கிக் குருவிகள் குளித்தன. காலை ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் யாரோ இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும், அவள் பல்லைக் கடித்து, "விடுடா" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாள்.

"நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல" என்றார் பாய்.

"கேட்டேன் பாய். அவ கேக்கலை."

"ஊரு எடையை நீ சுமக்கிற. எப்படி ஓடுவே?"

"ஓடறேன்னு சொல்லிட்டேன். ஓடித்தான் பாக்கணும். அவளை அவன் கையில குடுத்துட்டு நான் எங்கே போய் நிக்கிறது?"

பாய் பாலை ஆற்றினார்.

சீசன் முடிந்தது. சேண ஓட்டத்துக்கான காலை வந்தபோது தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பியிருந்தது, மழைக்கு முன்னால் மலையைக் கூட்டிப் பெருக்குகிற காற்று, கற்பூரமரங்கள் ஒரு பக்கமாகப் படுத்துப் படுத்து எழுந்தன. திடலின் ஓரத்தில் லாரி நின்றது. கழித்த குதிரைகளை வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள், பனிக்காரி கடைசியில் நின்று லூர்துவையே பார்த்துக்கொண்டிருந்தது. கேலரிச் சுவரின் மறைவில் காற்று தெரியவில்லை, அங்கேதான் ஓடுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். மாதையனின் பிடரியில் ஐந்து. ஒரு காலத்தில் எண்பதில் ஜெயித்தவன் ஐந்தில் நிற்கிறான். மொய்தீன் பாயின் சூத்திரம் தெரிந்த தெரு, யோசிக்க என்ன இருக்கிறது, மொத்தமாகப் போய் மாதையனின் பின்னால் நின்றது. லூர்துவின் பின்னால் ஒருத்தரும் இல்லை.

பாய் வேலிக் கம்பியைப் பிடித்தபடி திடலுக்குள் கொஞ்ச தூரம் நடந்து போனார். கேலரி முடிகிற இடத்தில் நின்று தோள் துண்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார். காற்று அதைப் பறித்துக்கொண்டு போயிற்று. துண்டு போன திசையைக் கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து லூர்துவின் பின்னால் நின்றார்.

"பாய்க்குக் கண்ணு போச்சு!" என்று கத்தினாள் அஞ்சலை. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் நுனியில் சின்னக்கண்ணு மேலே ஆடிக்கொண்டிருந்தான். "உங்க கணக்குப்படிதானே பாய் நாங்க நிக்கிறோம்!"

"கணக்கு சரிதான். ஆனா ரேட்டிங்ங்கிறது நேத்து வரைக்கும் ஓடினதுக்குப் போட்ட மார்க்கு. இன்னைக்கு அடிக்கிற காத்து அதுல இல்லை. உன் புருஷனைக் கேளு, அவனுக்கு மேலேர்ந்து நல்லாத் தெரியும்."

"துடைப்பத்தை இப்பவே எடுத்து வெச்சுக்கங்க பாய்!" என்று மாதையன் சிரித்தான். சேணத்தைத் தோளில் போட்டான். மணி அடித்தது.

மாதையன் பறந்தான். பொய்யில்லை, அவன் பாதம் புல்லை அங்கங்கே தொட்டது, அவ்வளவுதான், மற்றவர்கள் பஞ்சு உதிர்வது மாதிரி அவன் பின்னால் போனார்கள். லூர்து ஒரு காலைத் தூக்கி வைத்தாள், கணுக்கால் வரைக்கும் மண்ணில் இறங்கியது. மறு காலைத் தூக்கினாள். கூட்டம் பாதி சிரித்துப் பாதி விசிலடித்தது. அவள் நாலாவது அடி வைக்கும்போது மாதையன் கேலரியைக் கடந்துவிட்டான்.

கேலரி முடிகிற இடத்தில் காற்று காத்துக்கொண்டிருந்தது.

எதிரே வந்து அடித்த முதல் அடியிலேயே பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் சேணத்தோடு எழும்பி, கேலரிக்கு மேலே கூட்டமாகப் போய், அந்தப் பக்கத்துக் கற்பூரமரங்களில் கிளைக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். மாதையன் கெட்டிக்காரன், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சேணம் போயிற்று. கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி அவன் படபடத்தான். கால் வானத்தில் இருந்தது, கை மட்டும் கம்பியில் இருந்தது. வெற்றிக் கம்பம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, அவனால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை, எடுத்து வைப்பதற்குக் கீழே கால் இல்லை.

லூர்து கேலரியைத் தாண்டி வந்தாள். காற்று அவள்மேல் மோதியது, புடவையை இழுத்தது, முடியை அவிழ்த்தது, அவளை அசைக்க முடியவில்லை. ஊர் இறக்கி வைத்த எடை அத்தனையும் அவளை மண்ணோடு பிடித்து நிறுத்தியது. விடியலில் மேட்டுப்பாதையில் அந்த எடையை இழுத்து இழுத்துப் பழகின கால். ஒரு அடி, விடுடா, மறு அடி, விடுடா. கூட்டத்தின் விசில் நின்றுவிட்டது.

கம்பிக்குப் பக்கத்தில் வந்தபோது மாதையன் கத்தினான்.

"அக்கா! கை விடப்போகுதுக்கா! பிடிச்சுக்க!"

லூர்து நின்றாள். பனிக்காரியைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்புறம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்து, ஈரத்துணியை மடிக்கிற மாதிரி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். அவனுக்கு ஒரு முறம் உமியின் எடைகூட இல்லை. பத்தடி போனதும் அவனுக்கு மூச்சு வந்தது, மூச்சு வந்ததும் புத்தியும் வந்தது. பந்தயத்தில் மூக்கு முந்தினவன்தான் ஜெயித்தவன் என்பது அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். கக்கத்திலிருந்தபடியே மாதையன் மெல்லக் கழுத்தை முன்னால் நீட்டினான்.

"மாதையா" என்றாள் லூர்து, கம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் மூக்கு என் மூக்கைத் தாண்டிச்சுன்னா கையை விட்டுருவேன்."

ஆமை ஓட்டுக்குள் போகிற மாதிரி கழுத்து உள்ளே போயிற்று. அப்படித்தான் அந்த வருஷத்துச் சேண ஓட்டம் முடிந்தது. முதலில் லூர்து, கக்கத்தில் இரண்டாவது மாதையன், மூன்றாவது இடத்துக்கு ஆள் இல்லை, மரத்திலிருந்து இறக்குவதற்கு ஏணி வந்துகொண்டிருந்தது. மாதையனின் பின்னால் நின்றவர்கள் திடலைக் கூட்டுகிற துடைப்பங்களை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து பாயிடம் வந்தார்கள். பாய்க்கு லாயம் கிடையாது. அந்த மழைக்காலம் முழுவதும் அந்த மலையிலேயே சுத்தமான டீக்கடை அவருடையதாக இருந்தது.

லூர்து பனிக்காரியைக் கை காட்டினாள். கிளப் ஆள் பலகைக்குப் போய்க் குதிரையின் பெயரையும் எண்ணையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்து, "இனி இது கணக்குல இல்லை, கூட்டிட்டுப் போ" என்றான். கணக்கிலிருந்து போனதும் எடை போயிற்று. காற்று ஒருமுறை குனிந்து பனிக்காரியை அடிவயிற்றில் தூக்கியது, கம்பத்தில் கட்டின கயிறு விறைத்து மேலே நின்றது, கயிற்றின் நுனியில் சாம்பல்நிறக் குதிரை நாலு காலையும் தளர விட்டுக்கொண்டு, தளர்ந்த நரம்புக்கு இதைவிடச் சுகம் உண்டா என்பதுபோல் மிதந்தது. மாதையன் வேலியைப் பிடித்துக்கொண்டே போய்க் கயிற்றைப் பிடித்து உதவப் பார்த்தான், கயிறு அவனையும் சேர்த்துத் தூக்கியது. "நீ விடுப்பா" என்று சொல்லிவிட்டு லூர்து வாங்கிக்கொண்டாள். அவள் கையில் கயிறு அசையாமல் நின்றது.

அடுத்த வியாழக்கிழமை, மழை விட்ட வெயிலில், கயிற்றைப் பிடித்தபடி டீக்கடை வாசலில் வந்து நின்று கொண்டையை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க பாய்."

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எட்டிப் பார்த்த அஞ்சலை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏறியிருக்கு தங்கச்சி. ஜெயிச்சா ஏத்தாம விடுவாங்களா? தோள் வரைக்கும் எழுதியிருக்கு. ரெண்டு மூணு வியாழன் இழுத்துப் பிடிச்சேன்னா..."

"ஏறட்டும் பாய்" என்றாள் லூர்து. கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாதையைப் பார்த்து நடந்தாள், வாசல் கல் விரிசல் விட்டது, தலைக்குமேல் குதிரையின் வால் டீக்கடைத் தகரக் கூரையை ஒருமுறை பெருக்கிவிட்டுப் போயிற்று.